சீன நீல ஜாடியை ஏலத்தில் கேட்பதற்கு முன்: முத்திரையைக் கடைசியில் படியுங்கள்

கேள்வியின் சுருக்கம்: இங்கிலாந்தில் ஒரு சிற்றூர் ஏலக் கம்பெனி ஆன்லைனில் ஒரு சீன நீல வெள்ளை ஜாடியை விற்கிறது. உயரம் 22 செ.மீ. நீலத் தரையில் வெள்ளைப் பூக்கள், அடியில் இரட்டை நீல வட்டத்துக்குள் நான்கு எழுத்துகள், மேலே மர மூடி. கேட்டலாகில் "சீன ஜாடி, காங்சி முத்திரை" என்பதோடு சரி. மதிப்பீடு 200 முதல் 300 பவுண்டு. இது 300 வருஷத்துப் பழசா? எப்படிக் கண்டுபிடிப்பது? எவ்வளவு வரை கேட்கலாம்? மர மூடி ஒரு குறையா?

முதலில் இந்த ஜாடிக்கே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்கிற அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது காங்சி அரசர் காலத்துப் பொருள் (1662–1722) அல்ல. பெரும்பாலும் 1880க்கும் 1910க்கும் இடையில் சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்தெஜென் சூளைகளில் ஏற்றுமதிக்காகச் செய்தது. இதைப் போலி என்று ஒதுக்க வேண்டாம். பழைய வடிவத்தை அதன் பழைய பெயரோடு திரும்பச் செய்வது அங்கே மரபு. ஆனால் காங்சி விலை கொடுக்கக் கூடாது.

உங்களைக் குழப்பியது அந்த நான்கு எழுத்துகள்தான். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்வோம், மற்ற எந்தப் பொருளிலும் அதைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்றாலும்.

அரச முத்திரையில் முழு வடிவம் ஆறு எழுத்து. வலது வரிசையில் மேலிருந்து கீழாகப் படித்து, பிறகு இடது வரிசைக்கு வர வேண்டும். முதல் இரண்டு எழுத்து வம்சம் (தா மிங் அல்லது தா சிங்), அடுத்த இரண்டு ஆட்சிப் பெயர், கடைசி இரண்டு "நியன் ஷி", அதாவது இன்னார் ஆட்சியாண்டில் செய்தது. நான்கெழுத்து முத்திரை என்றால் வம்சப் பெயரை விட்டுவிட்டார்கள் என்று பொருள். காங்சி காலத்து அரண்மனைச் சரக்கில் வருவது பெரும்பாலும் ஆறெழுத்து. இரட்டை வட்டத்துக்குள் நான்கெழுத்துக் காங்சி முத்திரை போட்ட நீல வெள்ளை ஜாடிகள் ஏறக்குறைய எல்லாமே 19ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தவை. அரண்மனைக்குள்ளேயே எனாமல் (மேல்பூச்சின்மேல் தீட்டிச் சுடும் கண்ணாடி வண்ணம்) தீட்டிய சில அபூர்வக் கிண்ணங்களில் நான்கெழுத்து உண்டு. அவை 200 பவுண்டு மதிப்பீட்டில் சிற்றூர் ஏலத்துக்கு வருகிற சாதி அல்ல.

இன்னொரு வேடிக்கை. நிஜமான காங்சி ஏற்றுமதிச் சரக்கில் பாதிக்கு மேல் காங்சி பெயரையே பார்க்க முடியாது. 1677இல் ஜிங்தெஜென் பகுதியின் நிர்வாகி, பீங்கானில் அரசர் பெயரை எழுதக் கூடாது என்று தடை போட்டார். உடைந்த ஓடு குப்பைக்குப் போனால் அரசர் பெயரும் குப்பைக்குப் போகுமே என்ற கவலை. அதனால் சூளைக்காரர்கள் இரட்டை வட்டத்தை மட்டும் வரைந்து நடுவைக் காலியாக விட்டார்கள், அல்லது ஓர் இலையை வரைந்தார்கள், அல்லது முந்தைய மிங் வம்சத்துச் செங்ஹுவா (1465–87) அரசரின் பெயரை எழுதினார்கள். ஆக, காலி வட்டம் உள்ள ஜாடி காங்சியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. செங்ஹுவா என்று எழுதியதும் காங்சியாக இருக்கலாம். காங்சி என்றே எழுதியதுதான் பெரும்பாலும் காங்சி இல்லை.

மற்ற முத்திரைகளுக்கும் ஓரிரு வரி. சதுரச் சதுரமாக, கோணல் கோடுகளால் வரும் முத்திரை எழுத்து யோங்செங் (1723–35) காலத்தில் புழக்கத்துக்கு வந்து, சியன்லோங் (1736–95) காலம் முதல் வழக்கமானது. காங்சி பெயரை அந்த எழுத்தில் கண்டால் சந்தேகப்படுங்கள். ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போலச் சிவப்பு மையில் உள்ள சியன்லோங் முத்திரை 20ஆம் நூற்றாண்டுச் சரக்கின் அடையாளம். ஆங்கிலத்தில் "சைனா" என்று இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பின். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற அமெரிக்கச் சுங்கச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. "மேட் இன் சைனா" என்று முழுதாக இருந்தால் 1920களை ஒட்டியோ அதற்குப் பிறகோ. ஆனால் ஆங்கிலம் இல்லாததால் பழசு என்று ஆகிவிடாது. அமெரிக்காவுக்குப் போகாத சரக்கும், காகித லேபிள் ஒட்டிப் போன சரக்கும் ஏராளம்.

சரி, முத்திரையை மறைத்துவிட்டால் எதைப் பார்த்துக் காலம் சொல்வது? ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பொருளில் உள்ள மிகப் புதிய அம்சம் எதுவோ, அதுதான் பொருளின் வயது. பத்து அம்சம் பழசாகத் தெரிந்து ஒன்று மட்டும் 1890க்கு முன் சாத்தியமில்லை என்றால், பொருள் 1890க்குப் பிந்தையது. ஏமாறுகிறவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பழசாகத் தெரியும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதற்கெல்லாம் சமாதானம் தேடுகிறார்கள்.

முதல் இடம் அடிவளையம். பொருளைக் கவிழ்த்தால், மெருகு (பீங்கானின் கண்ணாடி போன்ற மேல்பூச்சு) இல்லாமல் தெரியும், தரையில் உட்காரும் அந்த வட்டம். பெரும்பாலான பொருள்களில் மண்ணை மேல்பூச்சில்லாமல் நேரே பார்க்கக் கிடைக்கும் இடம் அதுதான். நல்ல காங்சிச் சரக்கில் மண் வெள்ளையாக, நன்றாகப் பிசைந்த மாவு போல நெருக்கமாக இருக்கும். விரலால் தடவினால் வழவழப்பு. ஆங்காங்கே ஊசிமுனை அளவு கரும்புள்ளி இருக்கலாம். மெருகு முடிந்து மண் தொடங்கும் விளிம்பில் மெல்லிய காவி நிறம் ஓடும். மண்ணிலுள்ள இரும்பு சூளையில் எரிந்து வந்த நிறம் அது. ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் காணாமலே போகும். போலியில் அந்தக் காவியைத் தூரிகையால் பூசியிருப்பார்கள். சுற்றிலும் ஒரே அகலம், ஒரே அழுத்தம். ஈரப் பஞ்சால் துடைத்தால் தேயிலைச் சாயமும் பெர்மாங்கனேட்டும் பஞ்சில் ஏறும். சூளையில் வந்த காவி ஏறாது.

வளையத்தின் வெட்டு காலத்துக்குக் காலம் மாறும். யோங்செங், சியன்லோங் அரண்மனைப் பொருள்களில் வளையம் இருபுறமும் உருட்டி விட்டிருக்கும். சீனர்கள் அதற்கு வைத்த பெயர் "அயிரைமீன் முதுகு". நம் ஊர் அயிரையைக் கையில் பிடித்தவர்களுக்கு அந்த வழுவழுப்பான உருட்சி உடனே புரியும். காங்சிக் காலத்துப் பெரிய தட்டுகள் சிலவற்றில் வளையத்தின் நடுவே ஒரு பள்ளம் ஓடி, இரண்டு வளையம் போலத் தெரியும். மிங் வம்சத்தின் வான்லி (1573–1620) காலத்து மெல்லிய ஏற்றுமதித் தட்டுகளில் வளையத்தோடு சூளை மணல் ஒட்டியிருக்கும். அடிப்பக்கத்தில் நடுவிலிருந்து கிளம்பும் நுண்ணிய ஆரக்கோடுகளும் இருக்கும். சக்கரத்தில் சீவும்போது கத்தி அதிர்ந்த தடம் அவை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வளையம் பொதுவாக அகலமாகவும் சொரசொரப்பாகவும் ஆகிவிடுகிறது. அடிப்பகுதி மெருகில் ஆரஞ்சுத் தோல் போலக் குழிகள் வரும். மெருகில் நீலமோ சாம்பலோ தட்டும். உங்கள் ஜாடியின் அடிப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இவற்றில் சிலதாவது தெரிய வேண்டும்.

நீல வெள்ளைத் தட்டின் அடிமெருகில் மூன்று முதல் ஐந்து சிறு முள்தழும்பு இருந்தால் அதை ஜப்பானின் அரிதா என்று நினைத்துத் தொடங்குங்கள். அங்கே அடி தொய்யாமலிருக்க முட்டுக் கொடுத்துச் சுட்டார்கள். ஜிங்தெஜெனில் அந்த வழக்கம் இல்லை. விளிம்பில் சில்லு பெயர்ந்த இடத்தில் வெள்ளைக்குப் பதில் மஞ்சளோ பழுப்போ தெரிந்தால் அது பீங்கானே இல்லை. டச்சு டெல்ஃப்ட் போன்ற, வெள்ளீயப் பூச்சு போட்ட மட்பாண்டம்.

அடுத்தது உட்புறம். ஜாடி, குப்பி எல்லாம் சக்கரத்தில் ஒரே மூச்சில் வனைந்தவை அல்ல. இரண்டு மூன்று துண்டாக வனைந்து, குழைமண் தடவி ஒட்டியவை. உள்ளே கைவிட்டுத் தடவினால் வயிற்றிலோ தோளிலோ கிடைமட்டமாக ஒரு மேடு தட்டுப்படும். அச்சில் குழைமண் ஊற்றி எடுத்த நவீனச் சரக்கில் உட்புறம் ஒரே வழவழப்பாக இருக்கும், சில சமயம் செங்குத்தாக அச்சின் தையல் தெரியும். செங்குத்துத் தையல் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் கிடைமட்ட மேடு இருப்பதால் மட்டும் பழசு என்று ஆகாது. ஜிங்தெஜெனில் இன்றும் கையால் வனைகிறார்கள், அதே மாதிரி ஒட்டுகிறார்கள். ஒரு சோதனை பொருளைத் தள்ளிவிட உதவும், ஏற்றுக்கொள்ள உதவாது. இதில் வரும் பெரும்பாலான சோதனைகள் அந்த ரகம்தான்.

இப்போது நீலத்துக்கு வருவோம், உங்கள் ஜாடியின் விஷயமே அதில்தான் இருக்கிறது. அந்த வெள்ளைப் பூ ப்ளம். இலை வருவதற்கு முன், குளிர் விடும் முன்பே வெறுங்கிளையில் பூப்பது. நீலத் தரை என்பது விரிசல் விட்ட பனிக்கட்டி. சீனப் புத்தாண்டுக்கான சித்திரம் அது. ஆங்கிலேயர்கள் அதை "ஹாதார்ன்" என்று வேறொரு பூவின் பெயரால் அழைத்தார்கள். 1860களிலும் 70களிலும் லண்டனில் இந்த ஜாடிகள்மேல் ஒரு பித்தே இருந்தது. விஸ்லர், ரொஸெட்டி போன்ற ஓவியர்களும் நீலப் பீங்கானைத் தேடித் தேடி வாங்கினார்கள். தேவை அப்படி ஏறியபோது ஜிங்தெஜென் பழைய சித்திரத்தைத் திரும்பச் செய்து கப்பலேற்றியது. உங்கள் ஜாடி வந்த வழி அதுதான். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு ஜார்ஜ் சால்ட்டிங் 1910இல் விட்டுச் சென்ற சேகரிப்பில் நிஜமான காங்சி ஜாடிகள் உண்டு. அருங்காட்சியக வலைத்தளத்தில் படங்கள் கிடைக்கும். பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என்ன தெரியும்? காங்சி ஜாடியில் நீலத்தரை ஒரே சீராக இருக்காது. நீலம் தரும் கோபால்ட் தாதுப்பொடியைத் தண்ணீரில் கரைத்து, பனித்துண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே நனைத்து நிரப்பியிருப்பார்கள். ஒரு துண்டின் ஒரு ஓரம் கருநீலம், மறு ஓரம் வெளிறிய நீலம். விரிசல் கோடுகள் அதற்கு மேல் இன்னொரு அடுக்கு. உள்ளிருந்து வெளிச்சம் வருவது போல ஒரு துடிப்பு இருக்கும். கிளைகளில் சில அடியிலிருந்து ஏறும், சில தோளிலிருந்து தொங்கும். தடித்துத் தொடங்கி நுனியில் மெலியும். பூக்களில் மொட்டும் பாதி விரிந்ததும் பக்கவாட்டில் திரும்பியதும் கலந்திருக்கும். 1890இன் ஜாடியில் தரை பெயிண்ட் அடித்தது போலச் சமமாக, கனமாக, சற்று ஊதா கலந்து இருக்கும். விரிசல் மீன்வலை மாதிரி ஒரே கண்ணி அளவில் ஓடும். பூக்கள் எல்லாமே முன்பக்கம் திரும்பிய ஐந்து இதழ் வட்டங்கள், கோலப்புள்ளி போலச் சம இடைவெளியில். வரைந்தவர் கை சோர்ந்திருக்கிறது என்று சொல்லலாம். நாளுக்கு எத்தனை ஜாடி வரைந்தாரோ.

பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். முதலில் சித்திரம் புள்ளிப்புள்ளியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது அச்சடித்த ஒட்டுப்படம், தூரிகை வேலை அல்ல. பிறகு நீலம் மெருகுக்கு உள்ளே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று பாருங்கள். நீல வெள்ளையில் கோபால்ட்டைப் பச்சை மண்மேல் தீட்டி, அதன்மேல் மெருகு போட்டு, 1300 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் ஒரேயடியாகச் சுடுகிறார்கள். அதனால் நீலம் கண்ணாடிக்கு அடியில் கிடக்கும். தேயவே தேயாது. 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சரக்கில் வெளிநாட்டுக் கோபால்ட்டில் இரும்பு அதிகம். அங்கங்கே கரும்புள்ளியாகத் திரண்டு மெருகைக் குழித்துக்கொண்டு மேலே வரும். 18ஆம் நூற்றாண்டிலேயே அதைப் பின்பற்றித் தூரிகை நுனியால் புள்ளி வைத்துக் காட்டினார்கள். வைத்த புள்ளி கோட்டின்மேல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும், திரண்ட புள்ளி இஷ்டப்படி தோன்றும்.

பல வண்ணச் சரக்கு வாங்க நினைத்தால் வண்ணங்களே பஞ்சாங்கம். மிங் காலத்து ஐவண்ணப் பொருளில் நீலம் மெருகுக்கு அடியில் இருக்கும், சிவப்பும் பச்சையும் மஞ்சளும் மேலே. மெருகுக்கு மேல் தீட்டும் நீல எனாமல் காங்சி காலத்தில் வந்தது. அதைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் சுற்றிலும் எண்ணெய் படிந்த தண்ணீர் போல வானவில் மின்னும். தங்கத்திலிருந்து எடுத்த ரோஜா நிறமும், அதோடு வந்த ஒளி ஊடுருவாத வெள்ளையும் 1720ஐ ஒட்டித்தான் பரவுகின்றன. ஆகவே மிங் முத்திரையோடு ரோஜா நிறம் வந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். குரோமியத்தில் செய்த கண்ணைப் பறிக்கும் பச்சை 19ஆம் நூற்றாண்டுக்கு முன் கிடையாது. மெல்லிய கறுப்புக் கோட்டோடு இளநிற மலைக்காட்சியும் பக்கத்தில் கவிதையும் இருந்தால் 1860களிலிருந்து 1920கள் வரை. அந்தக் கவிதைகளின் முடிவில் ஆண்டைக் குறித்திருப்பார்கள், ஆனால் அது நம் பிரபவ, விபவ போல 60 ஆண்டுச் சுழற்சி. ஒரே பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும். எந்தச் சுற்று என்பதைப் பாணிதான் சொல்ல வேண்டும்.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் பக்கம் ஏலம் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோஜா, பச்சை, நீலப்பச்சைத் தரையில் பீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும் கொண்ட நோன்யாப் பாத்திரங்கள் அங்கே அதிகம் வரும். அங்கே குடியேறிய சீனர்களின் வழிவந்த பெரனாக்கான் குடும்பங்களுக்காக ஜிங்தெஜெனில் செய்தவை. காலம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். அதற்கு முன் தேதி போட்டு விற்றால் நம்பாதீர்கள். புதிய நகல்களும் குவிந்து கிடக்கின்றன. கையால் தீட்டிய எனாமல் விரலுக்கு மேடாகத் தட்டுப்படும், ஒட்டுப்படம் தட்டையாக இருக்கும்.

தேதியில் சந்தேகமே இல்லாத சரக்கு ஒன்று உண்டு: கப்பலோடு மூழ்கியது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கெல்டர்மால்சன் கப்பல் 1752இல் மூழ்கியது. அதன் சரக்கு 1986இல் ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் போனது. 1822இல் மூழ்கிய தெக் சிங் கப்பலின் சுமார் 3,50,000 பீங்கான்கள் 2000இல் ஸ்டுட்கார்ட்டில் ஏலம் போயின. கான்டனிலிருந்து (இன்றைய குவாங்ஜோ) மெட்ராஸுக்கு வர வேண்டிய டயானா கப்பல் 1817இல் மலாக்கா அருகே மூழ்கியது. அந்தச் சரக்கு 1995இல் ஆம்ஸ்டர்டாமில் விற்றது. இப்படிப்பட்ட விற்பனைகளின் கேட்டலாகுகள் கையில் இருந்தால், அந்தந்த ஆண்டில் சாதாரணத் தட்டும் கோப்பையும் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ளலாம். தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. விலையும் எட்டும் தூரத்தில்தான். ஆனால் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளை மட்டும் நம்பாதீர்கள், லேபிளைப் பெயர்த்து வேறொன்றில் ஒட்டலாம். கடலில் கிடந்ததில் பலவற்றில் மெருகு மங்கியிருக்கும், மேலே தீட்டிய எனாமலை உப்புநீர் தின்றிருக்கும். சேற்றிலோ மற்ற சரக்குக்குள்ளோ புதைந்து கிடந்தவை பளபளப்போடு தப்பியதும் உண்டு, அதனால் மெருகை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து, தேய்மானம். போலி செய்கிறவர்கள் இங்கேதான் அதிகம் மெனக்கெடுகிறார்கள், இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். உபயோகத்தில் வரும் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும், ஆழமும் நீளமும் வேறுபடும். தட்டின் நடுவில் கூடும், ஓரத்தில் குறையும். ஜாடியில் வயிற்றின் புடைப்பில் இருக்கும், கழுத்தின் மடிப்பில் இருக்காது. மணல்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல்கள் ஒரே திசையில், ஒரே ஆழத்தில் வரிசையாக நிற்கும். அமிலத்தில் முக்கியிருந்தால் கைபடாத குழியிலும் மடிப்பிலும்கூட மெருகு சமமாக மங்கியிருக்கும். அடிவளையத்தின் பிளவுகளில் மட்டும் கறுப்பு அழுக்கைத் திணித்திருந்தால் குண்டூசியால் சீண்டிப் பாருங்கள். 100 வருஷ அழுக்கு இறுகிப் போயிருக்கும். பசையோடு கலந்து பூசியது செதிலாக வரும்.

பழுது பார்த்ததைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. ஜாடியை மடித்த துணிமேல் வைத்து விளிம்பை விரல் நகத்தால் தட்டுங்கள். முழுசாக இருந்தால் மணி போல நீண்டு ஒலிக்கும். மயிரிழை விரிசல் இருந்தால் தட்டையாக அடங்கும். நம் சந்தையில் மண்பானை தட்டி வாங்குகிற அதே முறைதான். தட்டும்போது மூடியை எடுத்துவிடுங்கள். 365 நானோமீட்டர் புறஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால், ரெசின் (செயற்கைப் பிசின்) வைத்து நிரப்பி வண்ணம் பூசிய இடம் சுற்றியுள்ள மெருகிலிருந்து வேறாக ஒளிரும். புதுவகைப் பூச்சுகள் சில ஒளிராமல் தப்பிக்கும். அதனால் தொட்டும் பார்க்க வேண்டும். பீங்கான் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், ரெசின் இருக்காது. விளிம்பில் பித்தளைப் பட்டை கட்டியிருந்தால் அதன் அடியில் சில்லு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குப்பியின் கழுத்து உடைந்தால் வெட்டி, தேய்த்து மழுப்பிவிடுவார்கள். விளிம்பில் மெருகு இல்லாமல் வெறும் மண் தட்டையாகத் தெரிந்தால் அது நடந்திருக்கிறது. ஜாடி வகையில் மட்டும் வாயோரம் மெருகில்லாமல் இருப்பது இயல்பு, மூடி ஒட்டிக்கொள்ளாமல் சுடுவதற்காக விட்டது. அடியில் நடுவே வட்டமாக ஓட்டை இருந்தால் ஒரு காலத்தில் மின்விளக்காக நின்றிருக்கிறது. விலை சரியும்.

இன்னொரு சூது: பொருள் பழசு, சித்திரம் புதுசு. வெறும் வெள்ளையாகவோ எளிய நீலமாகவோ இருந்த நிஜமான பழைய பாத்திரத்தில் பிற்காலத்தில் எனாமல் தீட்டித் திரும்பச் சுட்டிருப்பார்கள். மண்ணும் வளையமும் முத்திரையும் எல்லாச் சோதனையிலும் தேறும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், பழைய கீறல்கள் எனாமலுக்கு அடியில் போகின்றனவா? நிஜப் பொருளில் கீறல் எனாமலின் மேல்தான் ஓட வேண்டும். திரும்பச் சுட்டபோது பழைய அழுக்கு கருகிக் கரும்புள்ளிகளாக நிற்பதும் உண்டு.

ஆய்வகச் சோதனை பற்றிப் பலர் கேட்பார்கள். வெப்ப ஒளிர்வுச் சோதனைக்கு (மண் கடைசியாகச் சூளையில் சுட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அளப்பது) அடிவளையத்தில் சிறு துளை போட்டு மண் எடுக்க வேண்டும். கிடைக்கும் வயதில் கணிசமான பிழை வரம்பு உண்டு. பொருளைக் கதிர்வீச்சில் வைத்து வயதைக் கூட்டிக் காட்டுவதும், பழைய ஓட்டின் அடியைப் புதிய உடலில் பொருத்துவதும் நடக்கிற வேலைகள். எக்ஸ்ரே ஒளிர்வு முறை துளை போடாமல் கோபால்ட்டின் கலவையைச் சொல்லும். சீன உள்நாட்டுக் கோபால்ட்டில் மாங்கனீஸ் அதிகம். இன்றைய சுத்திகரித்த கோபால்ட்டில் அது இருக்காது. 300 பவுண்டு ஜாடிக்கு இவை எதுவும் கட்டுப்படியாகாது.

ஏலத்துக்கு முன் செய்ய வேண்டியது கேட்டலாகை வக்கீல் மாதிரி படிப்பது. "காங்சி மார்க் அண்ட் ஆஃப் த பீரியட்" என்றால் முத்திரையும் காலமும் ஒன்றே என்று கம்பெனி பொறுப்பேற்கிறது. "காங்சி பீரியட்" என்றால் காலத்துக்குப் பொறுப்பு. "காங்சி மார்க்" என்று மட்டும் இருந்தால் அடியில் அப்படி எழுதியிருக்கிறது என்பதைத் தவிர எதையும் சொல்லவில்லை. உங்கள் ஜாடி அந்த மூன்றாவது வகை. "காங்சி ஸ்டைல்" என்றால் புதியது என்று மரியாதையாகச் சொல்கிறார்கள்.

பிறகு கம்பெனிக்கு மெயில் எழுதி இந்தப் படங்களைக் கேளுங்கள்: அடிப்பகுதி நேராக ஒன்று, சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று, அடிவளையத்தின் மண் தெரியும்படி மிக நெருக்கமாக ஒன்று, வாய் விளிம்பைச் சுற்றி நான்கு, டார்ச்சை உள்ளே விட்டு உட்புறம் ஒன்று, முடிந்தால் புறஊதா வெளிச்சத்தில் ஒன்று. "நிலை எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "வயதுக்கேற்ற தேய்மானம்" என்ற பதில்தான் வரும். "மயிரிழை விரிசல் உண்டா, தட்டினால் ஒலிக்கிறதா, ரெசின் நிரப்பிய இடம் உண்டா, அடியில் துளை உண்டா" என்று தனித்தனியாக, எழுத்தில் கேளுங்கள். பிறகு தகராறு வந்தால் அந்தப் பதில்தான் கையில் இருக்கும். போலி என்று நிரூபித்தால் பணம் திருப்ப எத்தனை நாள் கெடு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விதிமுறைகளில் அதைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்கத் தொடங்குங்கள்.

பணக் கணக்கு. சுத்தியல் 300 பவுண்டில் விழுந்தால் நீங்கள் கொடுப்பது 300 அல்ல. வாங்குபவர் கமிஷன் 25 சதவீதம் என்று வைத்தால் 75. அந்தக் கமிஷன்மேல் 20 சதவீத வாட் வரி 15. ஆக 390. ஏலத்தளம் தனியாக 5 சதவீதம் பிடித்தால் 15, அதற்கு வாட் 3. மொத்தம் 408. பேக்கிங்கும் கப்பல் செலவும் சுங்கமும் இதற்கு மேல். பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்: 300 பவுண்டுக்குள் ஜாடி முடிய வேண்டும் என்றால் 220 வரைதான் கேட்க வேண்டும். 1890இன் ப்ளம் பூ ஜாடிக்கு அந்த எல்லையே போதும். இவை அடிக்கடி வருகிற சரக்கு, இது தவறினால் அடுத்த மாதம் இன்னொன்று வரும். இந்தியாவுக்குக் கொண்டுவரப் போகிறீர்கள் என்றால் ஒன்றை மனதில் வையுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் 100 ஆண்டு தாண்டிய கலைப்பொருள் தொல்பொருள் ஆகிவிடும். தனியார் அதை நாட்டுக்கு வெளியே ஏற்றுமதி செய்ய முடியாது. வெளிநாட்டில் திரும்ப விற்கும் யோசனை இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

மர மூடியைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த ஜாடிகளுக்குச் சொந்தமாக வந்தது பீங்கான் மூடி, தொப்பி போலக் கழுத்தின்மேல் கவிழ்வது. பெரும்பாலானவை உடைந்தோ தொலைந்தோ போய்விட்டன. பிறகு யாரோ துளை வேலைப்பாடு செய்த மர மூடியைப் போட்டார்கள். அதைக் குறையாக நினைத்து ஜாடியைத் தள்ள வேண்டாம், கூடுதல் விலையும் கொடுக்க வேண்டாம். மாறாகப் பீங்கான் மூடியோடு வேறொரு ஜாடி வந்தால் சந்தேகப்பட வேண்டியது அப்போதுதான். மூடியின் நீலமும் ஜாடியின் நீலமும் ஒரே சாயலா, விரிசல் வலையின் கண்ணி ஒரே அளவா, உட்கார்ந்தபின் ஆடுகிறதா என்று பாருங்கள். வேறு ஜாடியின் மூடி என்றால் விலையில் கழிக்க வேண்டும். அனுப்பும்போது மூடியை ஜாடிமேல் வைத்து டேப் ஒட்ட வேண்டாம் என்று கம்பெனிக்கு எழுதுங்கள். தனித்தனியே பொதிந்து, ஜாடியின் வயிற்றைக் காகிதத்தால் தளர்வாக நிரப்பி, இரண்டு பெட்டி போட்டு, இரண்டுக்கும் நடுவில் 5 செ.மீ. பஞ்சு இடைவெளி விடச் சொல்லுங்கள்.